அலைவுகாட்டியின் இரண்டாவது கம்பி

பெங்களூரு, புனே, ஹைதராபாத், நொய்டா முதலிய நகரங்களில் மின்னணுத் தொழிலை நம்பி வாழும் நம்மவர் பல்லாயிரவர். அவர்களிடம் ஆசிலோஸ்கோப் என்ற கருவியை விளக்க முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும், இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவர்தம் இல்லத்தாருக்காகவும், கல்லூரியில் இனிமேல்தான் அக்கருவியைத் தொடப்போகும் மாணவருக்காகவும் ஓரிரு சொற்கள் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைக் கண்ணுக்குப் புலனாகும் கோடாக வரைந்து காட்டுவது ஆசிலோஸ்கோப். தமிழில் அதனை அலைவுகாட்டி எனலாம். 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் அமைத்த கதிர்க்குழாயே அதன் மூதாதை. 1947இல் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 511 என்னும் மாதிரி, நாம் விரும்பும் கணத்தில் கோட்டை வரையத் தொடங்கும் ஆற்றல் பெற்றிருந்தமையால் தொழிற்கூடங்களில் நிலையான இடம் பிடித்தது. இன்று கண்ணாடிக் குழாய் மறைந்து, கருவி கணிப்பொறி இனத்தைச் சேர்ந்துவிட்டது. முன்னாளில் பெரிய நிறுவனங்களே வாங்கக்கூடியதாயிருந்த 100 மெகாஹெர்ட்ஸ் அலைவுகாட்டியை இன்று வீட்டு மாடியறையில் பொழுதுபோக்காக மின்சுற்று அமைக்கும் இளைஞரும் வைத்திருக்கிறார்.

கருவி இவ்வளவு மாறியும், அதன் முகப்பிலிருந்து தொங்கும் புரோப் பெரும்பாலும் பழைய உருவிலேயே இருக்கிறது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கேபிள். அதன் முடிவில் பேனாவைப் போன்ற கைப்பிடி. கைப்பிடியின் நுனியில் ஊசி. கைப்பிடியின் பக்கவாட்டிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கறுப்புக் கம்பியொன்று கிளம்புகிறது. அதன் முனையில் முதலை வாயைப் போன்ற சிறு கிளிப். இந்தக் கறுப்புக் கம்பிக்குக் கிரவுண்டுக் கம்பி என்று பெயர். புரோப் வைத்திருப்பவர்களின் கவனமெல்லாம் ஊசி நுனியின் மேலேயே இருக்கும். கறுப்புக் கம்பியை எங்கேயாவது எட்டிய இடத்தில் கௌவ வைத்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள். அந்த மறதியால் விளையும் கேட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அம்மறதியில் நானும் பங்கு கொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன்னர், புனே நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து செய்து வரும் பொருள்களைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் என் பொறுப்பாக இருந்தன. ஒரு சிறு பட்டறையிலிருந்து 200 மின்வழங்கிப் பலகைகள் வந்து சேர்ந்தன. 12 வோல்ட்டை வாங்கிக்கொண்டு 5 வோல்ட்டாக மாற்றித் தருபவை அவை. அந்த 5 வோல்ட்டின்மேல் மிதந்துவரும் சிற்றலை 50 மில்லிவோல்ட்டுக்கு மேற்படலாகாது என்பது ஒப்பந்தம். நான் புரோப்பை எடுத்து அளந்தேன். 190 மில்லிவோல்ட் காட்டிற்று. ஒன்றைக் கொண்டு முடிவு செய்யலாகாதென்று பத்துப் பலகைகளை அளந்தேன். பத்தும் ஏறத்தாழ அவ்வாறே காட்டின. திரையில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கூர்மையான முள் ஒன்று எழும்பி, பல முறை நடுங்கி அடங்கியது. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? பட்டறைக்காரருக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன்.

அவர் திண்டுக்கல் பக்கத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலை தேடி அங்கே வந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தவர். கடன் வாங்கி உதிரிப்பாகங்கள் வாங்கியிருந்தார். என் சொல்லை நம்பி, 20 பலகைகளில் தம் செலவிலேயே கூடுதல் மின்தேக்கிகளைப் பற்றவைத்து அனுப்பினார். அவற்றையும் அளந்தேன். முள் அப்படியே நின்றது. அன்று மாலை நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டேன்.

மறுநாட்காலையில் பெரியவர் நேரில் வந்தார். வாதாடவில்லை. "அளக்கும்போது நானும் ஒரு முறை பார்க்கலாமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பலகையை மேஜைமேல் வைத்து அளந்து காட்டினேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கறுப்புக் கம்பியை எங்கே கௌவ வைத்திருக்கிறீர்கள்?"

"போர்டின் மூலையிலுள்ள கிரவுண்டு முனையில், ஐயா. வேறெங்கே வைப்பது?"

"சரி. கிளிப்பை அங்கேயே விட்டுவிட்டு, ஊசி முனையையும் அந்தக் கிளிப்பின் மேலேயே வையுங்கள்."

வைத்தேன். ஓர் இடத்தை அதே இடத்தோடு ஒப்பிட்டால் வேற்றுமை பூஜ்யமாக அல்லவா இருக்க வேண்டும்? திரையில் நேர்கோடுதான் தெரிய வேண்டும். ஆனால் அதே முள், அதே நடுக்கத்தோடு, 150 மில்லிவோல்ட் உயரத்துக்கு எழுந்து நின்றது. மின்வழங்கியின் வெளியீட்டை நான் தொடவே இல்லை. தொடாத ஒன்றின் குற்றத்தைக் கருவி காட்டிக்கொண்டிருந்தது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

மின்னழுத்தம் என்பது தனியொரு புள்ளியின் குணமன்று. ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் இடையேயுள்ள வேற்றுமை அது. சுவரின் உயரத்தை அளக்கக் கொத்தனார் நூல் பிடிக்கிறார். மேல்நுனியை அவர் எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும், கீழ்நுனியைப் பிடித்திருக்கும் ஆள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தால் அளவு என்னவாகும்? சுவர் ஆடுவதாகத்தான் நூல் சொல்லும். ஊசி நுனி கொத்தனாரின் கை. கறுப்புக் கம்பி கீழே நிற்கும் ஆளின் கை. இரண்டும் சேர்ந்துதான் அளவு.

இனி, அந்தக் கீழ்க்கை ஏன் ஆடுகிறது என்று கேட்கலாம். கம்பி செம்புக் கம்பிதானே, அதன் மின்தடை ஓர் ஓமின் சிறு பின்னந்தானே என்று நினைப்பது இயல்பு. நேர்மின்னோட்டத்துக்கும், 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கும் அந்த நினைப்பு சரியே. அதிர்வெண் ஏற ஏறக் கதை மாறுகிறது. நேரான எந்தக் கம்பிக்கும், தன் வழியே செல்லும் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு உண்டு. மின்தூண்டல் என்று பாடநூல்கள் அதைக் கூறும். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி என்று கைக்கணக்கு வைத்துக்கொண்டால் பெரும்பிழை வராது. அப்படியானால் நம் 15 சென்டிமீட்டர் கறுப்புக் கம்பிக்குச் சுமார் 150 நானோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ 94 ஓம். கிரவுண்டு என்று நாம் பெயரிட்டு நம்பிய இடத்துக்கும் புரோப்புக்கும் நடுவே 94 ஓம் குறுக்கே நிற்கிறது!

அடுத்து ஊசிப் பக்கத்தைப் பாருங்கள். 10 மடங்கு குறைத்துக் காட்டும் சாதாரண புரோப்பின் பெட்டியின்மேல் 10 மெகாஓம் என்று எழுதியிருக்கும். அதனுடனேயே, சிறிய எழுத்தில், 10 பைக்கோஃபாரட் என்றோ அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஓர் எண் இருக்கும். பெரிய எழுத்தைப் படிப்பவர் பலர். சிறிய எழுத்தைப் படிப்பவர் சிலர். அந்த 10 பைக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் 100 மெகாஹெர்ட்ஸில் வெறும் 159 ஓம் எதிர்ப்பையே தருகிறது. 10 மெகாஓம் என்ற பெருமையெல்லாம் நேர்மின்னோட்டத்தோடு முடிந்துபோகிறது. ஆகவே விரைவான மாற்றங்களின்போது கணிசமான மின்னோட்டம் ஊசியின் வழியே புரோப்புக்குள் புகுகிறது. புகுந்த மின்னோட்டம் எங்கே போகும்? புறப்பட்ட சுற்றுக்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் பாதை அந்தக் கறுப்புக் கம்பிதான்.

மின்தூண்டலும் மின்தேக்கியும் ஒரு வளையத்தில் சந்தித்தால் விளைவது ஊஞ்சல். ஒரு தள்ளு தள்ளிவிட்டால் தனக்கே உரிய காலக்கணக்கில் அது ஆடத் தொடங்கும். 150 நானோஹென்றியும் 10 பைக்கோஃபாரடும் சேர்ந்தால் அந்த ஆட்டத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 130 மெகாஹெர்ட்ஸ். ஓர் ஆட்டத்துக்கு 7.7 நானோசெகண்டு. சுற்றில் ஒரு விரைவான ஏற்றம் நிகழும்போதெல்லாம் அது இந்த ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறது. திரையில் நாம் காணும் நடுக்கம் பெரும்பாலும் இதுவே. சுற்று தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருக்க, அளக்க வந்த கருவி தன் ஆட்டத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "என் சுற்று 1 மெகாஹெர்ட்ஸில்தானே ஓடுகிறது, 130 மெகாஹெர்ட்ஸைப் பற்றி எனக்கென்ன கவலை?" என்று கேட்போர் உண்டு. சுற்று வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே இங்கு முக்கியம். கதவை நாளுக்கு ஒரே முறை சாத்தினாலும், அறைந்து சாத்தினால் வீடு அதிரும் அல்லவா? ஏறும் நேரத்தைக் கொண்டு 0.35ஐ வகுத்தால், அதிலடங்கிய அதிர்வெண் எதுவரை செல்லும் என்பதற்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். ஒரு நானோசெகண்டில் ஏறும் அலைக்கு அது 350 மெகாஹெர்ட்ஸ். இக்காலத்துச் சாதாரணத் தர்க்கச் சில்லுகளே அவ்வளவு விரைவில் ஏறுகின்றன. கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டிகளில் இப்போது இடம்பெற்றுவரும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களோ, நூற்றுக்கணக்கான வோல்ட்டுகளைச் சில நானோசெகண்டுகளில் திறந்து மூடுகின்றன. நம் கறுப்புக் கம்பி மட்டும் பாட்டன் காலத்து நீளத்திலேயே தொங்குகிறது.

இதுவரை சொன்னது ஊஞ்சலின் கதை. பெரியவரின் சோதனையில் வெளிப்பட்டது இதற்கு உடன்பிறந்த வேறொரு கேடு. கைப்பிடி, ஊசி, கறுப்புக் கம்பி, பலகை ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு வளையமாக அமைவதைக் கவனியுங்கள். வளையத்தின் நடுவே காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் எழும் என்பது ஃபாரடே 1831இல் கண்ட உண்மை. மின்னாக்கிகளெல்லாம் அதன்மேல்தான் சுழல்கின்றன. மின்வழங்கிப் பலகையில் 1 ஆம்பியர் மின்னோட்டம் 5 நானோசெகண்டில் நின்று தொடங்குவதாகக் கொள்வோம். நம் வளையத்துக்கும் பலகையின் வளையத்துக்கும் இடையே பரிமாற்றத் தூண்டல் வெறும் 1 நானோஹென்றியே இருந்தாலும், எழும் மின்னழுத்தம் 200 மில்லிவோல்ட். 50 மில்லிவோல்ட்டைத் தேடிச் சென்றவன் கையில் 200 மில்லிவோல்ட் வலை! ஊசியைக் கிளிப்பின் மேலேயே வைத்தபோதும் வளையம் வளையமாகவே இருந்தது. அதனால்தான் முள் மறையவில்லை. பெரியவர் 20 பலகைகளில் சேர்த்த மின்தேக்கிகளால் பயன் விளையாததற்கும் இதுவே காரணம். பலகையில் இல்லாத சிற்றலையைப் பலகையில் பற்றவைத்த மின்தேக்கி எவ்வாறு குறைக்கும்?

சோதனையை முடித்த பெரியவர், "புரோப்போடு ஒரு சிறு பிளாஸ்டிக் பை வந்திருக்குமே, எங்கே?" என்று கேட்டார். என் மேஜை இழுப்பறையில், பிரிக்கப்படாமலே, அது கிடந்தது. அதற்குள் இரண்டு ஸ்பிரிங்குகள் இருந்தன. ஊசியின்மேல் மாட்டியிருக்கும் கொக்கித் தொப்பியைக் கழற்றிவிட்டால், உள்ளே கூர்மையான ஊசியும், அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு உலோக வளையமும் தெரியும். அவ்வளையமே புரோப்பின் மெய்யான கிரவுண்டு. அதன்மேல் ஸ்பிரிங்கைச் செருகினால், ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு கால் நீண்டு நிற்கும். கறுப்புக் கம்பியை முற்றிலும் கழற்றி வைத்துவிட வேண்டும். வெளியீட்டு மின்தேக்கியின் ஒரு முனையில் ஊசியையும், மறுமுனையில் அக்காலையும் வைத்தோம். 31 மில்லிவோல்ட். 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டும் பொத்தானை அழுத்தியபோது 24 மில்லிவோல்ட். பத்துப் பலகைகளையும் மீண்டும் அளந்தேன். ஒன்றும் 35ஐத் தாண்டவில்லை.

அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு சொல். சிற்றலையை அளக்கும்போது 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பைப் பயன்படுத்துவது தொழிலில் வழக்கமே. ஆனால் நீண்ட கம்பியை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் படத்தை அழகாக்குவது, காய்ச்சல்காரனின் வெப்பமானியைத் தண்ணீரில் முக்குவது போன்றதே. சுற்றில் உண்மையாகவே தொல்லை இருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துபோகும்.

ஸ்பிரிங் மாட்டினால் என்ன மாறுகிறது என்பதற்குக் கணக்கு எளிது. 15 சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராகிறது. 150 நானோஹென்றி 10 நானோஹென்றியாகிறது. ஊஞ்சலின் அதிர்வெண் 130இலிருந்து ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்ஸுக்கு ஓடிவிடுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அலைவுகாட்டியின் பார்வைக்கு அது எட்டாத தூரம். வளையத்தின் பரப்பும் அவ்வாறே சுருங்குகிறது. ஆயினும் ஊஞ்சல் அழிந்துவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே. 500 மெகாஹெர்ட்ஸ் கருவி வைத்திருப்பவர் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்கைத் தொலைத்தவர் கவலைப்பட வேண்டியதில்லை. பற்றவைத்த பின் வெட்டி எறியும் மின்தடையின் கால் ஒன்றை எடுத்து, அந்த உலோக வளையத்தின்மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மிச்ச நுனியைக் குட்டையாக வளைத்துவிட்டால் அதே வேலையைச் செய்யும். நான் அறிந்த தேர்ந்த தொழிலாளர் சிலர் இதையே விரும்புகிறார்கள்; வேண்டிய வடிவத்தில் வளைக்கலாமல்லவா? புதிதாகப் பலகை வரைபவருக்கு இன்னொரு யோசனை. எங்கே அளக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி, அந்த இடத்துக்கு அருகிலேயே ஒரு கிரவுண்டுத் துளையையும் வைத்துவிடுங்கள். பலகை முழுவதற்கும் மூலையில் ஒரே ஒரு கிரவுண்டு முனை வைப்பது, ஊர் முழுவதற்கும் ஊர்க்கோடியில் ஒரு கிணறு வெட்டுவதுபோல. தண்ணீர் இருக்கும், வந்து சேர நேரமாகும்.

இதைவிடவும் உயர்ந்த அதிர்வெண்களுக்குச் செல்வோர்க்குக் குறைந்த செலவில் ஒரு நல்ல வழி உண்டு. 50 ஓம் கோஆக்ஸியல் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை அலைவுகாட்டியின் 50 ஓம் நுழைவாயிலில் இணைத்து, மறுமுனையின் நடுக்கம்பியில் 450 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவையுங்கள். கேபிளின் வெளிவலையைச் சுற்றின் கிரவுண்டில் மிகக் குட்டையாகப் பற்றவைத்துவிடுங்கள். 500க்கு 50, ஆகவே பத்தில் ஒரு பங்கு காட்டும் புரோப் தயாராகிவிட்டது. அதன் மின்தேக்குத்திறன் ஒரு பைக்கோஃபாரடுக்கும் குறைவாக இருக்கக்கூடும். எனவே ஊஞ்சலுக்குத் தீனி இல்லை. ஒரே குறை, சுற்றின்மேல் அது 500 ஓம் சுமையை ஏற்றுகிறது. 5 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் கேட்கும். தாங்கக்கூடிய சுற்றில் மட்டுமே வைக்கலாம். தாங்காத சுற்றுகளுக்கு ஆக்டிவ் புரோப் என்ற விலையுயர்ந்த வகை இருக்கிறது. அதிலும் கிரவுண்டுக் கம்பியை நீளமாக விட்டால் பணம் வீண்.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று: "புரோப்பை 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் வைத்து, சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டேனே, இன்னும் ஏன் நடுக்கம்?" அந்தத் திருகு, புரோப்பின் மின்தேக்குத்திறனை அலைவுகாட்டியின் நுழைவாயிலோடு இசைவிக்கிறது. அது தேவையான வேலை. புரோப்பை வேறு கருவிக்கு மாற்றும்போதெல்லாம் செய்ய வேண்டும். கிரவுண்டுக் கம்பியின் நீளத்தை அது அறியாது.

திரையில் காண்பது சுற்றின் நடுக்கமா, கம்பியின் நடுக்கமா என்று அறிய எளிய சோதனைகள் உள்ளன. பெரியவர் காட்டியது முதலாவது. கறுப்புக் கம்பியை விரலால் தொட்டும் நகர்த்தியும் வளைத்தும் பார்ப்பது இரண்டாவது. குறைந்த மின்னழுத்தச் சுற்றில் மட்டும் இதைச் செய்க. சுற்றை எவரும் தொடவில்லை. கம்பி நகர்ந்ததும் படம் மாறினால், படம் கம்பியுடையது. கம்பியைக் குறுக்கியதும் நடுக்கம் நெருக்கமானால் ஐயத்துக்கே இடமில்லை. குட்டைக் கம்பியிலும், ஊசியைக் கிரவுண்டில் வைத்தபோதும், திரையில் இரைச்சல் நீடித்தால், கேபிளின் வெளிவலையின்மேல் மின்னோட்டம் ஓடுகிறது என்று கொள்ள வேண்டும். கேபிளை ஃபெரைட் வளையத்தினூடே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் அது தணியும். ஒரே சமயத்தில் இரண்டு புரோப்புகளை வைப்பவர், ஒன்றன் கிரவுண்டே மற்றதற்கும் போதும் என்று எண்ணுவதுண்டு. மெதுவான அலைகளுக்குப் போதும். விரைவான அலைகளுக்கு, ஒவ்வொரு புரோப்புக்கும் தன் ஊசிக்கருகிலேயே தன் கிரவுண்டு வேண்டும்.

ஜிம் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், தாம் பணியாற்றிய லீனியர் டெக்னாலஜி நிறுவனத்துக்காக 1991இல் எழுதிய 47ஆம் எண் பயன்பாட்டுக் குறிப்பில், விரைவுப் பெருக்கிகளை அளக்கையில் நேரும் பிழைகளைத் திரைப் புகைப்படங்களாகவே வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறார். 2011இல் அவர் மறைந்த பின்னும் பொறியாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ஆங்கிலம் படிக்கவல்ல மாணவர் அந்தப் படங்களை ஒரு முறை பார்த்துவிட்டால், தம் திரையில் அதே முகம் தெரியும்போது அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தி. இதுவரை கிரவுண்டு என்று நான் சொன்னது, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையை. நம் வீடுகளில் எர்த் என்று சொல்வது, மூன்று முள் செருகியின் பெரிய முள்ளிலிருந்து மண்ணுக்குச் செல்லும் கம்பியை. இவை கருத்தில் இரண்டு. ஆனால் மேஜைமேல் வைக்கும் சாதாரண அலைவுகாட்டியில் புரோப்பின் கிரவுண்டும் அந்த எர்த்தும் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு வாயில்கள் இருந்தால் நான்கின் கிரவுண்டும் ஒன்றே. ஆகையால் கறுப்புக் கம்பியை நாம் நினைத்த இடத்தில் கௌவ வைக்க முடியாது. 230 வோல்ட் மின்சாரத்தை நேரே திருத்தி எடுக்கும் மின்வழங்கியின் முதற்பகுதியில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். அதன் எதிர்முனையைக் கிரவுண்டு என்று வரைபடத்தில் எழுதியிருந்தாலும் அது எர்த் அன்று. அங்கே கிளிப்பை வைத்தால் மின்சாரம் புரோப்பின் வெளிவலை வழியாக மண்ணை நோக்கிப் பாயும். டையோடுகள் வெடிக்கும், புரோப் கருகும், சில சமயம் கருவியும் போகும்.

இத்தொல்லைக்கு அஞ்சி, அலைவுகாட்டிச் செருகியின் மூன்றாவது முள்ளை ஒடித்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். படம் தெரியும், தீப்பொறி வராது. ஆனால் அலைவுகாட்டியின் உலோகப் பகுதிகளெல்லாம் அப்போது நூற்றுக்கணக்கான வோல்ட் தாங்கி நிற்கும். பக்கத்தில் நின்று அதைத் தொடுபவர் யாராயிருந்தாலும் அவருக்கு அது எமன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செய்திருந்தால் நாளையே செருகியை மாற்றிவிடுங்கள். அத்தகைய இடங்களை அளக்க உரிய கருவி, உயர் மின்னழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட டிஃபரன்ஷியல் புரோப். அதில் இரண்டு கம்பிகளும் அளக்கும் கம்பிகளே; எர்த்தோடு எதுவும் இணைவதில்லை. அது இல்லாத பட்டறையில், சோதிக்கப்படும் பொருளைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டி, அலைவுகாட்டியை எர்த்தோடேயே வைத்துக்கொள்வது அடுத்த வழி. அப்போதும் கை வைக்கும் இடத்தில் எச்சரிக்கை வேண்டும்.

புனே பெரியவரின் 200 பலகைகளுக்கு வருவோம். நிராகரிப்புக் கடிதம் அதற்குள் கொள்முதல் பிரிவுக்குச் சென்றுவிட்டிருந்தது. அதைத் திரும்பப் பெற, அளவு தவறியது யாரால் என்று எழுத்தில் தர வேண்டியிருந்தது. என்னால் என்று எழுதினேன். வீணான மின்தேக்கிகளின் விலையையும் கூலியையும் தொழிற்சாலை அவருக்குக் கொடுக்க மூன்று மாதங்களாயின. சோதனைப் படிவத்தில் அன்றிலிருந்து ஒரு வரி கூடியது: புரோப்பின் கிரவுண்டு எவ்வாறு இணைக்கப்பட்டது, எத்தனை மில்லிமீட்டர், ஊசியைக் கிரவுண்டில் வைத்தபோது திரை காட்டிய அளவு எவ்வளவு. பெரியவரின் அடுத்த சரக்கு வந்தபோது, அளவுப் பட்டியலோடு புரோப் பலகையைத் தொட்டு நிற்கும் புகைப்படம் ஒன்றையும் அவர் இணைத்து அனுப்பியிருந்தார். அதில் ஸ்பிரிங் நன்றாகத் தெரிந்தது.